பக்கத்து நாட்டு மாப்பிள்ளை

என் அண்ணனுக்கு உலகத்தில் மொத்தம் இருபத்துநாலு நாடுகள்தான். பூந்துறை நாடு, காங்கேய நாடு, பொங்கலூர் நாடு, ஆறை நாடு, தென்கரை நாடு, வடகரை நாடு என்று வரிசை போகும். கொங்கு மண்ணைப் பழைய காலத்தில் இப்படிப் பிரித்து வைத்திருந்தார்களாம். ராஜாக்கள் போனார்கள், வெள்ளைக்காரன் வந்துவிட்டுப் போனான், தாலுகா வந்தது, ஜில்லா வந்தது, ஜில்லாவையே உடைத்து இன்னொரு ஜில்லாவும் ஆக்கியாயிற்று. அண்ணன் மட்டும் அந்த இருபத்துநாலைக் காலி செய்யாமல் அதிலேயே குடியிருக்கிறார். இத்தனைக்கும் பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்பு செய்யும் பட்டறை வைத்திருக்கிறவர். அவருடைய பம்பு ஆப்பிரிக்காவரைக்கும் போகிறது. ஆப்பிரிக்கா எந்தப் பக்கம் என்று கேட்டால், "லாரி மேட்டுப்பாளையம் ரோட்டுல ஏறுதுங்க, அதுக்கு மேல நமக்குத் தெரியாதுங்க" என்பார்.

புது ஆளைப் பார்த்துவிட்டால் அவருக்கு நாக்கு நமநமக்கும். "ஏனுங்க, நீங்க எந்த நாடுங்க?" என்று கேட்டுவிடுவார். ஒருமுறை பாங்குக்குப் புதிதாக வந்த வடக்கத்தி மேனேஜர் "இந்தியா" என்று சொன்னாராம். அண்ணன் அதை ஒரு மாதம் வீடு வீடாகச் சொல்லிச் சிரித்தார்.

இதைப் பொது அறிவு ஆர்வம் என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சில் முதல் கேள்வியே இதுதான். நாடு, கூட்டம் என்கிற குலம், கோயில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் சாதி தானாக மடியில் வந்து விழும். நேரடியாகக் கேட்டால் அசிங்கம், நாடு கேட்டால் மரியாதை. அந்த மரியாதையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அவர் என் அண்ணன். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் என் மகளுக்குக் காது குத்தினோம். அவள் அழுததைவிட அவர்தான் அதிகம் அழுதார்.

சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகள், ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தன்னோடு வேலை செய்கிற ஒரு பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். நல்ல பையன், நல்ல சம்பளம், காலேஜும் இங்கேதான் படித்தான் என்றாள். "எந்த ஊரு?" என்றேன். "இலங்கைம்மா. மலைப் பக்கம், தேயிலைத் தோட்டம்" என்றாள். நான் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். என் வீட்டுக்காரர் சிங்காநல்லூரில் லேத்துப் பட்டறை நடத்துகிறவர், அதிகம் பேசமாட்டார். அன்றைக்குத்தான் ஒரேயடியாக வெளிநாட்டு விவகார நிபுணர் ஆனார்.

"அந்த நாட்டுலதான கண்ணு பெட்ரோலுக்கு நாள்கணக்கா வரிசையில நின்னாங்க. பெரிய தலைவரே ஓடிப்போயிட்டாரு, சனங்க அவரு ஊட்டு நீச்சல் குளத்துல குதிச்சு வெளையாடுனாங்க. டீவில பாத்தனே" என்றார்.

"நம்மூர்ல வரிசையே இல்லீங்களாப்பா? சிங்காநல்லூர் சிக்னல்ல நேத்து எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"அது வண்டி வரிசை."

"இங்க கொழாத் தண்ணி எப்ப வருதுன்னு அம்மாவுக்கே தெரியாது. அங்க ஆஸ்பத்திரிக்குக் காசு வாங்கறதில்லீங்க. பள்ளிக்கூடத்துக்குக் காசில்லீங்க. யுனிவர்சிட்டிக்கும் காசில்லீங்க."

என் வீட்டுக்காரர் யோசித்தார். மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்கத் தன் பைக்கை விற்றவர் அவர். "யுனிவர்சிட்டிக்குமா?" என்று கேட்டார். அதோடு அவருக்கு அந்த நாடு பிடித்துப் போய்விட்டது. நம்ம தலைவர் ஓடாமல் இருந்து என்ன கிழித்தார் என்றுகூட ஒரு வார்த்தை சொன்னார்.

பையனை அழைத்து வரச் சொல்லிப் பார்த்தோம். ஒல்லியாக, சிரித்த முகமாக இருந்தான். கோயமுத்தூர் மரியாதையை என் மகள் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். எங்கே 'ங்க' போடுவது, எங்கே விடுவது என்று மட்டும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. பக்கத்து வீட்டு நாய் குரைத்ததற்கு, "அக்கட்டால போங்க" என்று விரட்டினான். நாயே ஒரு நிமிஷம் திகைத்து நின்றுவிட்டது. அப்போதே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

ஆனால் அண்ணன் இருக்கிறாரே. எங்கள் பெரியப்பா மகள் வேறு சாதியில் கட்டிக்கொண்டதிலிருந்து அவர் பெரியப்பா வீட்டு வாசலை மிதித்ததில்லை. என் மகளோ, "மாமா வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாத்தான் மண்டபம், மேடை எல்லாம். இல்லீனா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக்கறோம்" என்று சொல்லிவிட்டாள். எனக்கு இருப்பது ஒரே மகள், ஒரே அண்ணன். ஒருத்தியைக் கட்டிக் கொடுப்பதற்காக இன்னொருவரைத் தொலைக்க வேண்டுமா என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் என் வீட்டுக்காரர் போனை எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"மச்சான், பாப்பாவுக்கு ஒரு எடம் வந்திருக்குதுங்க."

"நல்ல சேதிதான் மாப்ள. எந்த நாடு?"

என் வீட்டுக்காரர் பொய் சொல்லத் தெரியாதவர். உண்மையைத்தான் சொன்னார்.

"பக்கத்து நாடுங்க மச்சான்."

"காங்கேயமா? அட, ரொம்ப நல்லதாப் போச்சு. சிங்காநல்லூர்ல பஸ்ஸேறுனா நேரா போயிரலாம். ஞாயித்துக்கெழமை நான் வாரேன்."

போன் வைக்கப்பட்டது. என் வீட்டுக்காரர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவரு கேட்டாரு, நான் சொன்னேன்" என்றார். திரும்பக் கூப்பிட்டுத் திருத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? பக்கத்து நாட்டைப் பக்கத்து நாடு என்று சொல்லாமல் பின்னே தூரத்து நாடு என்றா சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பையன் எழுந்து நின்று கும்பிட்டான். நான் இடியாப்பம் மாதிரி சந்தகை பிழிந்து தேங்காய்ப்பாலோடு வைத்தேன். பையன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "எங்க பக்கமும் இது உண்டுங்க மாமா, சொதி ஊத்திச் சாப்புடுவோம்" என்றான்.

"சொதின்னா?" என்றார் அண்ணன்.

"நம்ம தேங்காப்பாலுதானுங்க மச்சான்" என்று என் வீட்டுக்காரர் குறுக்கே பாய்ந்தார். அவர் சட்டை முதுகுப்பக்கம் அதற்குள் நனைந்துவிட்டது.

"காங்கேயத்துல அப்படிச் சொல்றாங்களாட்டிருக்குது" என்று அண்ணன் தனக்குள் ஒரு புதுச் செய்தியைச் சேர்த்துக்கொண்டார். பிறகு, "தம்பி, குடியிருப்பு ஊருக்குள்ளயா, தோட்டத்துலயா?" என்று கேட்டார்.

எங்கள் ஊரில் தோட்டம் என்றால் கிணறும் வீடும் மாடும் சேர்ந்த சொந்த நிலம். அதில் வீடு கட்டிக் குடியிருப்பவர் என்றால் ஒரு படி மேல். பையனுக்கு இது தெரியாது. அவனுக்குத் தோட்டம் என்றால் கம்பெனிக்காரன் வைத்திருக்கும் தேயிலை எஸ்டேட்.

"தோட்டந்தானுங்க மாமா. நான் பொறந்ததே தோட்டத்துலதான்."

"ஏக்கரா எவ்வளவு இருக்கும்?"

"ஒரு எண்ணூறு ஏக்கர் இருக்குமுங்க."

அண்ணன் கையில் எடுத்த சந்தகை வாய்க்குப் போகாமல் நின்றது. அவருக்குத் தெரிந்த பெரிய பண்ணையக்காரருக்கே அதில் பத்தில் ஒரு பங்கு கிடையாது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எண்ணூறு ஏக்கரா ஒறம்பரைச் சொந்தத்தை இவ்வளவு நாள் ஏன் ஒளித்து வைத்திருந்தாய் என்கிற பார்வை. நான் சட்டினி எடுக்கப் போவதுபோல் உள்ளே போய், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன். அங்கே என் மகள் ஏற்கெனவே அதே வேலையில் இருந்தாள்.

"ஆளு வெச்சுத்தான் பாக்கறீங்களா?"

"நெறையப் பேரு இருக்காங்க. எங்கம்மாவும் தோட்டத்துலதான் வேலை செய்யறாங்க. காலையில எறங்குனா சாயங்காலந்தான் வருவாங்க."

"அம்மாளே எறங்கியா?"

"ஆமாங்க. மழையானாலும் போகணும்."

அண்ணன் என் வீட்டுக்காரர் பக்கம் சாய்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ரகசியம் சொன்னார். "பாத்தீங்களா மாப்ள. எண்ணூறு ஏக்கராக்காரங்க. நம்மூர்ல ரெண்டு ஏக்கரா வெச்சிருக்கறவன் ஊட்டுப் பொம்பளைக வெயில்ல எறங்குவாங்களா?" பிறகு நெற்றியைச் சுருக்கினார். "அதென்ன தம்பி, மழைன்னு சொல்றீங்க. காங்கேயம் வறண்ட பக்கமாச்சே."

பையனுக்குக் காங்கேயம் ஏன் நடுவில் வருகிறது என்று விளங்கவில்லை. பெரியவர் ஏதோ தமக்குத் தெரிந்த ஊரைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டான். "அங்க தெரியலீங்க. எங்க பக்கம் மழைக்குக் கொறையில்லீங்க" என்றான்.

"சரி, அரசியலெல்லாம் உங்க பக்கம் எப்படி?"

அந்தக் கேள்வியைத் தடுக்க என் வீட்டுக்காரர் வாழைப்பழத்தை நீட்டிப் பார்த்தார். முடியவில்லை.

"ரொம்ப மோசமுங்க மாமா. இருந்த பெரியவரு ஓடிட்டாருங்க. சனங்க கூட்டமாப் போயி அவரு மாளிகைக்குள்ள பூந்து நீச்சல் குளத்துல குளிச்சு, கட்டில்ல படுத்துப் போட்டோ எடுத்துக்கிட்டாங்க. எங்க சித்தப்பா மகனும் போயிட்டு வந்தான்."

"உங்க யூனியன் சேர்மனா?" என்றார் அண்ணன்.

"அவருக்கும் மேலயிங்க."

"அதுக்கும் மேலன்னா ஜில்லாவா இருக்கும். மாப்ள, இவ்வளவு நடந்திருக்குது, நம்ம காதுக்கு ஒரு சேதி வரலியே."

"அந்தச் சமயம் பெட்ரோலுக்கு ராத்திரி பகலா வரிசையில நின்னாங்க. கேஸ் இல்ல, பால்மாவு இல்ல."

"பல்லடம் வந்து போட்டுட்டுப் போயிருக்கலாமல்லோ, தம்பி?" என்றார் அண்ணன். உண்மையாகவே அவருக்கு மனசு சங்கடப்பட்டது. "எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே கேன்ல ஊத்திப் பட்டறை வண்டியில அனுப்பியிருப்பனே."

பையன் நெகிழ்ந்து போனான். முன்பின் தெரியாத ஒருவர் இத்தனை பெரிய மனசோடு பேசுவதை அவன் எதிர்பார்க்கவில்லை. "இப்பப் பரவால்லீங்க மாமா" என்றான். "அப்பவும் ஆஸ்பத்திரிக்குக் காசு வாங்குனதில்லீங்க. எங்க அக்காவோட பிரசவத்துக்கு ஒத்தக் காசு செலவில்லீங்க."

அண்ணன் முகம் தொங்கிவிட்டது. அவர் மருமகளுக்குப் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில், பில்லைக் கட்டிய பிறகுதான் குழந்தையின் முகத்தையே சரியாகப் பார்க்க முடிந்தது என்று புலம்பிக்கொண்டிருப்பவர் அவர். "நம்ம ஆறை நாடு இருக்குதே, வெறும் பேருதான் மாப்ள. பக்கத்து நாட்டுக்காரனப் பாருங்க, தலைவர வெரட்டுறான், ஆஸ்பத்திரி இனாமா நடத்துறான்" என்றார். எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. அவர் இவ்வளவு ஆசையாகப் பேசப் பேச, விழப்போகிற இடி பெரியதாகிக்கொண்டே போகிறது என்று தெரிந்தது.

அது விழவும் விழுந்தது. கை கழுவிவிட்டு வந்த அண்ணன், "சரி தம்பி, ஊருக்குப் போயிட்டு வர்றது எப்படி? எந்த பஸ்ஸு?" என்றார்.

"பஸ் இல்லீங்களே மாமா. சென்னை போயி பிளைட்டுலதான் போவேன்."

"காங்கேயத்துக்கு ஏனப்பா சென்னை?"

பையன் என் மகளைப் பார்த்தான், அவள் என்னைப் பார்த்தாள், நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கடைசியில் அவர்தான் வாயைத் திறந்தார். "இலங்கைங்க மச்சான்."

"பக்கத்து நாடுன்னீங்க."

"பக்கந்தானுங்க. நடுவுல கொஞ்சம் தண்ணி."

அண்ணன் உட்கார்ந்துவிட்டார். "அப்ப அந்த எண்ணூறு ஏக்கரா?" என்று கேட்டார். குரலில் கோபத்தைவிட ஏக்கம்தான் இருந்தது.

"அது கம்பெனியோடதுங்க. அம்மா கொழுந்து எடுக்கறாங்க. எங்களுக்கு வரிசை வீட்டுல ஒரு ரூமு இருக்குதுங்க." பையன் எதையும் மறைக்கவில்லை, தலையும் குனியவில்லை. அவனுக்கும் இப்போதுதான் இந்தக் குழப்பம் புரிந்தது. அவன் மெதுவாகச் சொன்னான். "நாடுன்னு நீங்க எதைக் கேட்டீங்கன்னு எனக்குத் தெரியலீங்க மாமா. அங்க எங்கள இந்தியாக்காரங்கன்னு சொல்லுவாங்க. இங்க வந்தா சிலோன்காரன்னு சொல்றாங்க. யாராச்சும் எந்த நாடுன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு எனக்கே தெரியறதில்லீங்க. நீங்களே ஒண்ணு சொல்லுங்க. அதையே சொல்லிக்கறேன்."

வாழ்நாள் முழுக்க எல்லாரையும் அந்தக் கேள்வி கேட்டவரிடம் யாரும் பதிலுக்கு இப்படிக் கேட்டதில்லை. அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

அவர் 'வாரேன்' என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் 'போகிறேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்பமாட்டார்கள். சாவு வீட்டைத் தவிர எங்கே இருந்து புறப்பட்டாலும் 'வாரேன்' என்றுதான் சொல்வார்கள். பெரியப்பா வீட்டிலிருந்து கடைசியாகக் கிளம்பியபோதும் அண்ணன் அதைச் சொல்லவில்லை. நான் அவர் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். என் மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ரிஜிஸ்டர் ஆபீஸே போதும்மா" என்றாள். சொல்லும்போது அவள் கை காது மடலைத் தடவிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அண்ணனிடமிருந்து பேச்சே இல்லை. நானும் கூப்பிடவில்லை. எனக்கும் ரோஷம் இருக்கிறதல்லவா? ரிஜிஸ்டர் ஆபீசில் என்னென்ன காகிதம் கேட்பார்கள் என்று பையன் அலைய ஆரம்பித்தான். வெளிநாட்டுக்காரன் என்பதால் அவனிடம் கேட்ட காகிதங்களுக்குக் கணக்கே இல்லை. ஒரு ஜன்னலில் அவன் எந்த நாட்டுக்காரன் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். அங்கேயுமா என்று வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் காலையில், நான் மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அண்ணன். பின்னால் பட்டறை மெஷின் ஓடும் சத்தம்.

"அம்மணி, அந்தப் பையன்கிட்ட ஒண்ணு கேக்கோணும். அவிய பாட்டன் பூட்டன் எந்த ஊர்ல இருந்து கப்பலேறுனாங்களாமா?"

"தெரியாதுங்களாமாண்ணா. அவங்க ஊர்ப் பெரியவங்க இந்தப் பக்கத்த அக்கரைன்னு மட்டும் சொல்லுவாங்களாமா."

"கரையா?"

"அக்கரைங்க."

அண்ணன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

"தென்கரை இருக்குது" என்றார். "வடகரை இருக்குது." மெஷினை நிறுத்தச் சொல்லி யாரையோ அதட்டினார். "அக்கரைன்னு ஒண்ணும் இருந்திருக்கும். இருபத்துநாலையும் எழுதுனவன் அத உட்டிருப்பான். அந்தக் காலத்துல ஓலையில எழுதோணும், அவனுக்கும் கை வலிச்சிருக்குமல்லோ."

"ஆமாங்கண்ணா, வலிச்சிருக்கும்" என்றேன்.

"பாப்பா சாப்புட்டாளா? மண்டபம் நான் பாக்கறேன். சாயங்காலம் பொழுதோட வாரேன்."

வாரேன் என்றார். நான் கிரைண்டரை நிறுத்த மறந்து அப்படியே நின்றேன். அன்றைய மாவு கூழாகிவிட்டது, இட்லி கல்லாகிவிட்டது, ஒருவரும் குறை சொல்லவில்லை.

கல்யாணத்தன்று பையனுடைய அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதற்கு முன்னால் அவர் கடலைத் தாண்டியதே இல்லை. புதுப் பட்டுச்சேலையில் கைகளை மறைத்து மறைத்து வைத்துக்கொண்டிருந்தார். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. அண்ணன் என் மகளின் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப் போய் விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே கீழே இறங்கி வந்தார். அப்போதுதான் எங்கள் தூரத்து உறவில் ஒரு பல்லடத்துப் பெரியவர் அவரைப் பிடித்து நிறுத்தினார். நான் இரண்டடி தள்ளி, தாம்பூலத் தட்டோடு நின்றிருந்தேன்.

"ஏனுங்க, மாப்பிள்ளை எந்த நாடுங்க?"

"பக்கத்து நாடுதானுங்க" என்றார் அண்ணன்.

"காங்கேயமுங்களா?"

"அதுக்குக் கொஞ்சம் தெக்கங்க."

"தோட்டமெல்லாம்?"

"எண்ணூறு ஏக்கரா." அண்ணன் முன்வரிசையைக் கை காட்டினார். "அதா உக்காந்திருக்கறாங்களே, மாப்பிள்ளையோட அம்மா. அத்தனையிலயும் அவிங்களே எறங்கி வேல செய்யறவங்க."

பெரியவர் அந்த அம்மாவை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, நேராக அவர் முன்னால் போய் நின்று கும்பிட்டார்.